வேகச்சாமிக்குப் படையல்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அதைத் தாண்டிப் பத்தாவதைப் பிடிக்கும்போது என் புல்லட்டின் இடப்பக்க ஃபுட்ரெஸ்ட், பிராக்கெட்டோடு ஒடிந்து தார்ச்சாலையில் விழுந்தது. பழைய புல்லட், கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. ஊன்றியிருந்த கால் சட்டென்று அந்தரத்தில் தொங்கியது. முன் பிரேக்கைப் பிடித்து, முதல் கியரில் உருட்டிக்கொண்டு போய்ப் பாறையோரம் நிறுத்தினேன். கைநடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த பிராக்கெட் நானே செய்தது. கோவை கணபதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பெயிண்ட் டப்பாவுக்குள் களிமண் பூசிக் கரியடுப்பு கட்டி, பழைய ஜன்னல் சட்டத்து அலுமினியத்தை மூசையில் உருக்கி, மணலில் வார்த்து, ஒரு வாரம் அரம் போட்டு மெருகேற்றியது. பார்வைக்குக் கடையில் வாங்கியதைவிட அழகாகவே இருந்தது.

ஒடிந்த துண்டை, ஃபவுண்டரியில் வாழ்நாளெல்லாம் மோல்டிங் பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பொருபொருவென்றிருந்த அந்த முகத்தில் குண்டூசித் தலை அளவில் பொத்தல்கள்.

"ஜன்னல் அலுமினியம் ஊத்தறதுக்கு ஆகாது கண்ணு. பழைய பிஸ்டனை உருக்கோணும். அதுல சிலிக்கான் இருக்குது, தண்ணியாட்டம் ஓடும். உன்ற மணல்ல ஈரமும் சாஸ்தி. இந்த மூலையைப் பாரு, கத்தியில வெட்டுனாப்பல இருக்குது. அங்கதான் விட்டுருக்குது."

மூன்றும் உண்மை. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். இறுகும்போது அதை வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே தள்ளும், அதுதான் பொத்தல். கூர்மையான உள்மூலையில் பாரம் முழுவதும் ஒரே கோட்டில் வந்து குவியும். வளைத்துவிட்ட மூலையில் பரவிப் போகும். இதையெல்லாம் அந்தத் துண்டு தன் முகத்திலேயே எழுதி வைத்திருந்தது. நானோ அன்று மாலையே அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். தோற்றதன் அடையாளம் வீட்டில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்பதை, நியூசிலாந்தின் தென்கோடியில் ஓர் இரும்புச்சாமான் கடையில் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

டனீடினில் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான். மார்ச் மாதம் அவனிடம் போயிருந்தேன். இன்வர்கார்கில் போக வேண்டும், பர்ட் மன்ரோவின் மோட்டார்சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன். "நேரா போனா இருநூறு கிலோமீட்டர்தான் மாமா. ஆனா லீவு போட்டிருக்கேன், சுத்திப் போலாம். உங்களுக்குப் பிடிக்கிற இடம் ஒண்ணு வழியில இருக்கு" என்றான்.

வடக்கே போய்ப் பால்மர்ஸ்டனில் உள்நாட்டுக்குத் திரும்பும் 85ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். கடலோரப் பச்சை சீக்கிரமே தீர்ந்துபோய், வெயிலில் காய்ந்த புல்லின் மஞ்சள் தொடங்கியது. மரமில்லாத குன்றுகள், நடுநடுவே பாறை முண்டுகள், பிறகு மானியடோட்டோ சமவெளி. எங்கு பார்த்தாலும் கம்பிவேலி. மைல் கணக்கில் நேராக, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டிய வேலி. அந்தத் தொய்வின்மைக்குக் காரணமான மனிதரின் பட்டறைக்குத்தான் மருமகன் என்னை அழைத்துப் போனான்.

ஒடுரேஹுவா என்பது பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர். அங்கே எர்னஸ்ட் ஹேஸ் 1895இல் தொடங்கிய பட்டறை அப்படியே காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. வேலிக் கம்பியை இழுத்து இறுக்கும் சிறு கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். உலகெங்கும் பண்ணைகளுக்குப் போனது. அவர் மனைவி ஹன்னா, சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய்ச் சரக்குக்கு ஆர்டர் பிடித்தவர். கல்லும் புழுதியுமான அந்த மேட்டுநிலத்தைக் காரில் கடந்து வந்த பிறகு, அதை சைக்கிளில் கடந்த பெண்மணியை நினைத்து எனக்கு உண்மையாகவே மலைப்பாக இருந்தது.

பட்டறைக்குள் நுழைந்ததும் வந்தது எனக்குப் பழக்கமான வாசனை: எண்ணெய், இரும்புத்தூள், பழைய தோல் பெல்ட். கூரையடியில் நீளமாக ஒரே ஒரு தண்டு ஓடுகிறது. அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுழற்றும். முதலில் காற்றாலையும், பிறகு தண்ணீர் விசையில் சுற்றும் பெல்டன் சக்கரமும் அந்தத் தண்டை ஓட்டியிருக்கின்றன. என் அப்பா காலத்தில் கோவைக் கடைசல் பட்டறைகளிலும் இதே ஏற்பாடுதான், லைன் ஷாஃப்ட் என்பார்கள். இங்கே என்னை நிறுத்தி வைத்தது வேறு. பல இயந்திரங்களை ஹேஸே செய்திருக்கிறார். கருவி செய்வதற்கான கருவியையும் அவரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. சாமான் கப்பலில் வர மாதங்கள் ஆகும் நாட்டில் வேறு வழி கிடையாது.

நியூசிலாந்துக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: எட்டாம் நம்பர் கம்பி. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனமுள்ள வேலிக் கம்பி அது. அது ஒன்று கையில் இருந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்ற மனப்பான்மைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. 1938இல் அந்த அரசு இறக்குமதிக்கு உரிமம் கொண்டுவந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் ஊறியது. நமக்கும் லைசென்ஸ் காலம் ஒன்று இருந்தது. ஒரு பேரிங்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும், காத்திருக்க முடியாமல் தாமே கடைந்துகொண்டவர்களும் நிறைந்த ஊர்தான் கோவை. அந்தப் பட்டறையில் நான் அந்நியனாக உணரவே இல்லை.

அன்றிரவு இன்வர்கார்கில் வந்து சேர்ந்தோம். அகலமான தெருக்கள், பலவற்றுக்கு ஸ்காட்லாந்து நதிகளின் பெயர். காலையில் டீ தெருவுக்கு நடந்தோம். எர்னஸ்ட் ஹேஸின் மகன் இர்விங் 1932இல் இந்த ஊரில் தொடங்கிய கடை அங்கே இருக்கிறது. ஈ. ஹேஸ் அண்ட் சன்ஸ். இன்றும் அது இரும்புச்சாமான் கடைதான். போல்ட், நட்டு, பெயிண்ட், வாளி, மண்வெட்டி, அடுப்புச் சாமான். நடுநடுவே பழைய மோட்டார்சைக்கிள்களும் கார்களும் நிற்கின்றன. பார்க்கக் கட்டணமில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர் தோட்டத்துக் குழாய்க்கு வாஷர் கேட்டுக்கொண்டிருந்தார்; அவர் முதுகுக்குப் பின்னால் சில அடியில், 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கௌட்.

இந்தியன் என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர்; அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. பர்ட் மன்ரோ 1899இல் இன்வர்கார்கிலில் பிறந்தவர். 21 வயதில் இந்த வண்டியைப் புதிதாக வாங்கினார். 600 சி.சி., வி வடிவில் இரண்டு சிலிண்டர், அதிகபட்ச வேகம் மணிக்கு 88 கி.மீ. அளவில். 1978இல் இறந்தார். இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரே எஞ்சினைப் பிரித்துக்கொண்டும் செய்துகொண்டும் இருந்தார். பகலில் மோட்டார்சைக்கிள் விற்பனை, மற்ற நேரமெல்லாம் ஷெட். பின்னாளில் அந்த ஷெட்டே வீடு. கட்டிலும் வைஸும் ஒரே கூரையின் கீழ்.

நான் மண்டியிட்டு எஞ்சினைப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த ஸ்கௌட்டில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்கும். காற்றும் பெட்ரோலும் வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். வேகம் கூடக்கூட அந்த வளைவே மூச்சைப் பிடிக்கும். மன்ரோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். அதற்குத் தக்க ஹெட், கேம், தள்ளு கம்பி எல்லாம் கையால் செய்தவை. சிலிண்டருக்குப் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய். கிளட்சில் 17 தட்டுகள். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஸ்கௌட்டுக்கே பெயர் வாங்கித் தந்த பற்சக்கரங்களை எடுத்துவிட்டு மூன்று வரிசைச் செயின். பிஸ்டன்களைத் தகர டப்பாக்களை அச்சாக வைத்து வார்த்திருக்கிறார். கன்ராடுகளை டிராக்டர் அச்சிலிருந்து வெட்டி, அரம் போட்டு, பதமேற்றியிருக்கிறார். அளக்க மைக்ரோமீட்டர் வேண்டுமே? பழைய போக்ஸ் கம்பியில் ஒன்று செய்துகொண்டார்.

போக்ஸ் கம்பியில் அளவுகோல் என்பதை வெளியே நின்று கேட்பவர்கள் நம்பத் தயங்குவார்கள். கடைசலில் கை பழகியவர்களுக்கு அது புரியும். அளவு எண்ணில் மட்டுமில்லை, உரசலில் இருக்கிறது. கம்பியின் நுனி உள்ளே போகும்போது தொட்டும் தொடாமலும் ஓர் இழுப்பு விரலுக்குத் தெரியும். அந்த இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரேபோல இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவிலேயே காகிதத்தை நடுவில் விட்டு டாப்பெட் இடைவெளி பார்க்கும் மெக்கானிக் இருந்தார். ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்த்தால் பிசகாது.

வண்டிக்கு அடுத்ததாக அந்த அலமாரி. மன்ரோவின் ஷெட்டில் வெடித்தது, உருகியது, முறிந்தது எல்லாம் ஏறிய அலமாரி. அதற்கு அவர் எழுதி வைத்திருந்த பெயர்: வேகக் கடவுளுக்குப் படையல். நம் ஊரில் சொன்னால் வேகச்சாமிக்குப் படையல்.

அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். ஒரு பிஸ்டனின் நெற்றியில் ஓட்டை. ஓரம் மெழுகு வழிந்ததுபோல உருகி இறுகியிருக்கிறது. கலவையில் பெட்ரோல் போதாமல் வெப்பம் ஓரிடத்தில் குவிந்தால் இப்படித்தான் துளைத்துவிடும். இன்னொன்றின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள். எண்ணெய் போய்ச் சேரவில்லை, சிலிண்டர் கவ்வியிருக்கிறது. ஒரு கன்ராடு இரண்டாக முறிந்து கிடக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு ஏறி நின்று கீழே திரும்பும் அந்தக் கணத்தில் கன்ராடுதான் அதைப் பிடித்து இழுக்கிறது. எஞ்சின் சுற்று இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். 1920இல் யாரோ ஒரு சாது வண்டிக்காகக் கணக்குப் போட்ட எஞ்சினை அதன் கனவிலும் இல்லாத சுற்றுக்கு ஓட்டினால், எது அடுத்ததாக விடும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. விட்ட துண்டு சொல்லும். அவர் அதைத் தூக்கிப் போடாமல், கண்ணெதிரே, கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்.

மருமகன் மெதுவாகக் கேட்டான். "மாமா, இவ்வளவு ஒடைஞ்சிருக்கு. மனசு விட்டுப் போயிருக்காதா?"

"தெரியல மாப்ளே. மனசு விட்டவர் அலமாரிக்குப் பேர் வெச்சிருக்க மாட்டார்" என்றேன்.

மன்ரோவைப் பற்றி 2005இல் ரோஜர் டொனால்ட்சன் எடுத்த படத்தை எல்லோருக்கும் தெரியும். ஆண்டனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார். மன்ரோ உயிரோடிருந்தபோதே டொனால்ட்சன் ஓர் ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். எனக்கு அந்தத் திரைப்படம் பிடிக்கும். ஆனால் படத்தில் நாற்பது ஆண்டுகள் தெரியாது. ஓர் எஞ்சின் வெடித்த இரவுக்கும் அதற்கு மாற்றுச் செய்து முடித்த நாளுக்கும் நடுவில் எத்தனை மாதம் அரம் ஓடியிருக்கும் என்பதைத் திரையில் காட்டவும் முடியாது. அந்த அலமாரி காட்டுகிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து போன்வில் உப்புத் தரைக்கு அவர் பத்து முறை போயிருக்கிறார். முதல் முறை வெறும் பார்வையாளராக. பிறகு ஒன்பது முறை ஓட்ட. 1962இல் 63 வயதில் மணிக்கு 288 கி.மீ. 1967இல், 68 வயதில், எஞ்சின் 950 சி.சி. ஆகியிருந்தது, 296 கி.மீ. இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்த சாதனை அது. தகுதி ஓட்டம் ஒன்றில், ஒரு திசையில், 305ஐத் தாண்டியிருக்கிறார். அந்த 1967 சாதனைக்கு ஒரு பின்கதையும் உண்டு. சராசரிக் கணக்கில் சிறு பிழை இருப்பதை மகன் ஜான் பல ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்துச் சொன்னார். அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 2014இல், மன்ரோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின், மணிக்கு 183.586 மைல் என்றிருந்ததை 184.087 என்று திருத்திற்று. அரை மைல்தான். ஆனால் நூலளவுக்காக இரவெல்லாம் அரம் போட்டவரின் கணக்கு அது. சரியாகத்தான் இருக்க வேண்டும்.

பிற்பகலில் டே தெருவில் இருக்கும் கிளாசிக் மோட்டார்சைக்கிள் மெக்காவையும் பார்த்தோம். நூற்றுக்கணக்கான வண்டிகள், பளபளப்பில் கண் கூசியது. அங்கே நான் நேராகப் போனது கிறைஸ்ட்சர்ச்சின் ஜான் பிரிட்டன் செய்த வண்டியிடம். தன் வீட்டுப் பின்புறத்தில் சில நண்பர்களோடு, சொந்த எஞ்சினையே வடிவமைத்து வார்த்து, உலகப் பந்தயங்களில் பெரிய கம்பெனிகளோடு மோதியவர். மண்பாண்டம் சுடும் சூளையில் எஞ்சின் பாகங்களைச் சுட்டுப் பதப்படுத்தினார். பத்து வண்டிகள்தான் செய்ய முடிந்தது. 1995இல், 45 வயதில் இறந்துபோனார்.

இந்த நாட்டில் என்னைத் தொட்ட இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மாற்றியமைத்த வண்டியைப் பரிசோதித்துச் சாலையில் ஓட்டச் சான்று கொடுக்க இங்கே ஒரு முறை இருக்கிறது. தகுதியுள்ள பரிசோதகர் பற்றவைப்பையும் பிரேக்கையும் பார்ப்பார். குறை இருந்தால் சொல்வார். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பத்தாவது வளைவில் என் கால் தொங்கியபோது பின்னால் ஒரு பேருந்து வந்திருந்தால்? சேஸிஸ், பிரேக், ஸ்டியரிங் இவற்றில் நான் கை வைப்பதில்லை, பிறரையும் வைக்கவிடுவதில்லை. ஆனாலும், கை இருப்பவர்கள் செய்ததைக் கொண்டுவந்து காட்டி, சரியா தவறா என்று கேட்க நமக்கும் ஒரு வாசல் வேண்டும் என்றே நினைக்கிறேன். வாசல் இல்லாத இடத்தில் திறமை பின்கட்டிலேயே ஒளிந்துகிடக்கும். குறையும் கூடவே ஒளிந்துகிடக்கும்.

மாலை ஒரெட்டி கடற்கரைக்குப் போனோம். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். சாலை மணல்மேட்டைத் தாண்டி அப்படியே கடற்கரைக்குள் இறங்கிவிடுகிறது. கார்கள் மணலிலேயே ஓடுகின்றன. 26 கிலோமீட்டர் நீளம். அலை வற்றியிருந்த நேரம். ஈர மணல் சிமெண்டுத் தளம்போல இறுகியிருந்தது; குதிகாலால் குத்தினாலும் அரை விரற்கடைதான் இறங்கியது. மேற்கிலிருந்து வந்த காற்று கார்க்கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. தெற்கே நீலக் கோடாக ஸ்டூவர்ட் தீவு.

மன்ரோ தன் வண்டியை ஓட்டிப் பார்த்த இடம் இதுதான். 1957இல் இதே மணலில் 210 கி.மீ.க்கு மேல் போயிருக்கிறார். நான் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஓட்டப்பாதை என்றால் நான் கற்பனை செய்திருந்தது வேறு. இங்கே கோடு இல்லை, தடுப்பு இல்லை, கைதட்ட ஆளில்லை. காலையில் செய்த பாகத்தை மாலையில் இங்கே கொண்டுவந்து முறுக்கிப் பார்த்து, விட்டால் பொறுக்கிக்கொண்டு திரும்பியிருப்பார். அலை ஏறினால் டயர்த் தடமும் மிஞ்சாது. மிஞ்சியதெல்லாம் அலமாரியில்.

மறுநாள் டனீடினுக்குத் திரும்ப வேண்டும். பிளஃபில் நாட்டின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை முடியும் இடத்தையும், அங்குள்ள திசைக்காட்டிக் கம்பத்தையும் பார்த்துவிட்டு, போகிற வழியில் மறுபடி ஹேஸ் கடையில் நிறுத்தச் சொன்னேன். எட்டங்குல அரைவட்ட அரம் ஒன்று வாங்கினேன். உள்மூலைகளை வளைத்து எடுக்க அதுதான் வசதி. கல்லாவில் இருந்தவர் பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

பிறகு அந்த அலமாரி முன் இன்னொரு முறை நின்றேன். அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். இங்கே பிற்பகல் நான்கு. கோவையில் காலை எட்டரை. முதல் பிராக்கெட் போனது போனதுதான். பெரியவர் சொன்னபடி பழைய பிஸ்டனை உருக்கி வார்த்த இரண்டாவது, துளை போடும்போது விரிசல் விட்டு, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. இப்போது வண்டியில் இருப்பது மூன்றாவது.

"கல்லுக்குப் பக்கத்துல அந்த அலுமினியத் துண்டு கிடக்குமே, பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடாதே" என்றேன்.

"நேத்தே வந்தானுங்க. கேட்டான், நான் குடுக்கலீங்க" என்றாள் மனைவி. "கழுவித் தொடைச்சு மாடிப்படிக்குக் கீழ வெச்சிருக்கறன்."